கைகால் வக்கீலும் காணிப்பாக்கத்துக் குளமும்

ஜெயிக்கிற கேஸை வக்கீல் கோட்டை விடுவதுண்டு. சாட்சி பல்டியடித்துக் கெடுப்பதுண்டு. ஆனால் கட்சிக்காரனே எழுந்து நின்று, பவ்வியமாகக் கைகூப்பி, தன் கேஸுக்குத் தானே கொள்ளி வைத்ததைச் சித்தூர்க் கோர்ட்டார் அன்றுதான் பார்த்தார்கள். கூப்பினான் என்றுகூடச் சொல்ல முடியாது. கூப்புவதற்கு அவனுக்கு ஒரு கைதான் இருந்தது.

1960ஆம் வருஷம், பிப்ரவரி மாதம். தொழிலாளர் நஷ்டஈட்டுக் கமிஷனர் முன்னால் கங்கையாவின் மனு பதினான்காவது வாய்தாவுக்கு வந்திருந்தது. திருத்தணிக்கு மேற்கே மலையடிக் கிராமம் அவனுக்கு. சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. ரங்கையா என்ற காண்டிராக்டரின் கல்குவாரியில் பாறையில் குழி போட்டு வெடி வைக்கிற வேலை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், திரி கொளுத்தியும் வெடிக்காத குழி ஒன்றை என்னவென்று பார்க்கப் போனான். கிட்டப் போன பிறகு அது வெடித்தது. வலது கை மணிக்கட்டோடு போயிற்று, ஒரு கண்ணும் போயிற்று.

காண்டிராக்டர் தரப்பில் சொன்னது ஒரே பதில்: அன்றைக்கு அவன் குடித்திருந்தான். குடித்துவிட்டுக் காயம் பட்டவனுக்குச் சட்டப்படி நஷ்டஈடு இல்லை. அதற்குச் சாட்சி, குவாரி மேஸ்திரி சண்முகம்.

கங்கையாவின் வக்கீல் கோவர்த்தனன் அந்தச் சண்முகத்தைக் கூண்டில் வைத்து அரைமணி நேரமாக வறுத்துக்கொண்டிருந்தார்.

"இந்த ஜில்லாவில் இருபது வருஷமாக மதுவிலக்கு. எங்கே குடித்தான்?"

"எனக்குத் தெரியாதுங்க."

"குடித்திருந்தது எப்படித் தெரியும்?"

"வாசனை வந்துச்சுங்க. தள்ளாடிக்கினு வந்தான்."

"தள்ளாடி வந்தவன் கையில் வெடிமருந்தையும் திரியையும் எதற்குக் கொடுத்தீர்?"

சண்முகம் துண்டால் கழுத்தைத் துடைத்தான். கமிஷனர் பேனாவை எடுத்து எதையோ குறித்துக்கொண்டார். கோவர்த்தனனுக்கு உள்ளுக்குள் பால் பொங்கியது. இன்னும் ஒரே ஒரு கேள்வி பாக்கி. வெடிக்காத குழி என்றால் அரைமணி காத்திருக்க வேண்டுமே, எத்தனை நிமிஷத்தில் அவனைப் போகச் சொன்னீர்? அதைக் கேட்க வாயைத் திறந்தார்.

பின்னாலிருந்து கங்கையா எழுந்தான்.

"எசமான், இங்க கேட்டா மேஸ்திரி இப்டிதான் சொல்வாரு. மொதலாளி பின்னால குந்திகினு கீறாரு இல்ல? காணிப்பாக்கம் வந்து, கொளத்துல முழுகி, புள்ளையாரு முன்னால நின்னுகினு சொல்லட்டும், நான் குடிச்சிருந்தேன்னு. சொல்லிட்டாருன்னா நான் ஒத்துக்கினு போயிடறேன். ஒரு காசு வேணா எனக்கு."

"உட்காரப்பா," என்றார் கோவர்த்தனன். பிறகு, "கங்கையா, உட்காரு." பிறகு, வக்கீல் என்பதையே மறந்து, "உன்னைக் கும்பிடறேன், உட்காருடா!"

வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதை. எதிர்க்கட்சி வக்கீல் அதற்குள் துள்ளி எழுந்துவிட்டார். "மனுதாரர் சொன்னதைப் பதிவு செய்யவேண்டும். எங்களுக்குச் சம்மதம். மேஸ்திரி காணிப்பாக்கத்தில் சத்தியம் செய்வார்." சட்டத்தில் அப்படி ஒரு பழைய இடம் இருந்தது. எதிராளி இன்ன கோயிலில் சத்தியம் செய்தால் நான் கட்டுப்படுகிறேன் என்று ஒருவன் சொல்லி, எதிராளியும் ஒப்புக்கொண்டால், அந்தச் சத்தியமே தீர்ப்பு. அதற்குப் பிறகு டாக்டர் சர்டிபிகேட்டும் கிடையாது, குறுக்கு விசாரணையும் கிடையாது.

"மார்ச் பதினாறு, காணிப்பாக்கம்," என்று கமிஷனர் எழுதினார். "பெஞ்சு குமாஸ்தா நேரில் போய்ப் பதிவு செய்துகொண்டு வரவும்." சண்முகத்தின் முகம் சுண்ணாம்பாக வெளுத்ததைக் கோவர்த்தனன் கவனிக்கவில்லை. அவர் கங்கையாவையே முறைத்துக்கொண்டிருந்தார்.

கோவர்த்தனனுக்கு இந்த மாதிரி ஆட்கள்தான் வாய்ப்பார்கள். மற்ற வக்கீல்களுக்கு நிலத் தகராறும் பாகப்பிரிவினையும் வந்தன. இவரிடம் வந்தவர்கள் பஸ் கவிழ்ந்து கால் ஒடிந்தவர்கள், ரேணிகுண்டா ரயில் யார்டில் விரல் நசுங்கியவர்கள், ஆலையில் கை சிக்கியவர்கள். கோர்ட்டு வளாகத்தில் இவருக்கு 'கைகால் வக்கீல்' என்று பேர் வைத்துவிட்டார்கள். முன்னால் அழைக்கமாட்டார்கள். பின்னால் அதைத் தவிர வேறு பேர் சொல்லமாட்டார்கள்.

அந்தக் கட்சிக்காரர்களை வைத்துக்கொண்டு அவர் பட்ட பாடு நாய் படாது. மலைப் பாதையில் பஸ் உருண்டு முதுகெலும்பு முறிந்த ஒருவர், "ஏழுமலையான் உசிர விட்டானே, அவன்கிட்டப் போய் நஷ்டஈடு கேக்கறதா?" என்று கேஸே போடமாட்டேன் என்றார். "ஏழுமலையான் மேல போடலையய்யா, பஸ்காரன் மேல போடறேன்," என்று கோவர்த்தனன் ஒரு மணி நேரம் தொண்டை கிழியக் கத்தினார். இன்னொருவர், உயிர் பிழைத்த வேண்டுதலுக்கு மொட்டை போட்டுக்கொண்டு நேராகச் சாட்சிக் கூண்டுக்கு வந்து நின்றார். ஆஸ்பத்திரி போட்டோவில் இருப்பவர் இவரல்ல என்று எதிர்க்கட்சி வக்கீல் அரை நாளை ஓட்டினார். வீட்டுக்கு வந்து இதையெல்லாம் கொட்டினால் மனைவி தாட்சாயணி சிரிப்பாள். "நாய்க்கு வேலையும் இல்ல, நிக்க நேரமும் இல்லன்னு எங்க நைனா சொல்லுவாரு. உங்களப் பாத்துதான் சொன்னாரோ என்னமோ."

இந்தத் தொழிலுக்கு அவர் வந்து சேர்ந்ததே ஒரு கோபத்தினால்தான்.

நகரி பக்கத்து விவசாயக் குடும்பம். பத்தாவது முடித்துச் சில வருஷம் நிலத்தில் உழைத்துவிட்டு, இருபதாவது வயதில் மதராஸ் சேப்பர்ஸ் படையில் சேர்ந்தார். பர்மாவுக்கு ரோடு போடுகிற வேலை. மலையைப் பிளந்து வெடி வைத்துப் பாதை அறுப்பது. 1944இல் மழைக்காலத்தில் ஒரு நாள், வெடிக்காத குழி ஒன்று இவர் கிட்டப் போனதும் வெடித்தது. இடது கையில் இரண்டு விரலும் வலது காதும் போயின. இரண்டு வருஷம் கழித்து ஊருக்கு அனுப்பும்போது கையில் ஒரு காகிதம் கொடுத்தார்கள். காயத்துக்குக் காரணம் என்ற இடத்தில் இரண்டே வார்த்தை இருந்தது: சொந்த அஜாக்கிரதை. அந்த இரண்டு வார்த்தை இருந்தால் ஊனப் பென்ஷன் கிடையாது.

அந்த இரண்டு வார்த்தையை அழிக்க அவருக்கு ஐந்து வருஷம் பிடித்தது. படையில் இருந்தவர்களுக்குச் சலுகை என்று திருப்பதிக் கல்லூரியில் இடம் கொடுத்தார்கள். தன்னைவிடப் பத்து வயது சின்னப் பையன்களோடு பெஞ்சில் உட்கார்ந்து படித்துக்கொண்டே மனுமேல் மனுவாகப் போட்டார். பெங்களூருக்குப் போட்டால் பூனாவுக்குப் போடு என்றார்கள். பூனாவுக்குப் போட்டால் டில்லிக்கு என்றார்கள். டில்லிக்குப் போட்டால், ஏன் பெங்களூர் மூலமாக வரவில்லை என்று கேட்டு எழுதினார்கள். திரும்பி வந்த ஒவ்வொரு காகிதத்தையும் படித்துப் படித்து எந்த வார்த்தைக்கு எந்த ஆபீஸ் பயப்படும் என்று கற்றுக்கொண்டார். இவர் மனு எழுதுகிற அழகைப் பார்த்து, திருப்பதியில் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள், கைகால் போனவர்கள் எல்லாரும் அறை வாசலில் வந்து நின்றார்கள். எழுதிக் கொடுத்துக் கொடுத்துத்தான் வக்கீலாவது என்று முடிவு செய்தார்.

1951இல் அவருடைய மனு ஜெயித்தது. மேலதிகாரியான சுபேதார் கிருஷ்ணப்பா போகச் சொன்னதால்தான் போனார், தானாகப் போகவில்லை என்று மேலிடம் ஏற்றுக்கொண்டது. பென்ஷன் வந்தது. சுபேதாருக்கு வரவேண்டிய பதவி உயர்வு நின்றுபோனது. குடுபல்லி என்ற ஊர்க்காரர் அந்தச் சுபேதார். அதே வருஷம் ஒரு கார்டு போட்டிருந்தார்: "பென்ஷன் கிடைத்தது கேட்டு சந்தோஷம். குளிருக்குக் கை வலிக்கிறதா?" எவன் கடிதம் போட்டாலும் மறுதபாலில் பதில் போடுகிற கோவர்த்தனன் அதற்கு மட்டும் பதில் போடவில்லை. கார்டு ஒரு சட்டப் புத்தகத்துக்குள் கிடந்தது.

சட்டம் படித்தது சென்னையில். படித்து முடிப்பதற்குள் ஆந்திரா தனி ராஜ்யமாகிவிட்டது. சென்னையில் படித்தவர் குண்டூருக்குப் போய்ப் பேர் பதிந்துகொள்ள வேண்டியிருந்தது, ஐகோர்ட்டு அங்கே இருந்தது. தலைநகரம் கர்நூலில். பதிந்து இரண்டு வருஷத்தில் இரண்டும் ஐதராபாத்துக்குப் போய்விட்டன. "ஐகோர்ட்டு நம்மைப் பாத்துதான் ஓடுதோ?" என்று தாட்சாயணி கேட்டாள். அவர் கோட்டு மட்டும் அதே கோட்டுதான்.

வெடிவிபத்து என்றால் எந்த வக்கீலும் இவரிடம் தோற்றுப்போவார். கூண்டில் நிற்பவனைக் கேட்டுக் கேட்டு, பாறையின் தரம் முதல் திரியின் நீளம் வரை கக்க வைத்துவிடுவார். "நானும் ஒரு வெடிக்காத குழியிடம் போனவன்" என்று கட்சிக்காரர்களிடம் ஆரம்பிப்பார். "அன்றைக்கு நல்ல மழை. சுபேதார் கூப்பிட்டார். போய்ப் பார் என்றார். ராணுவத்தில் ஏன் என்று கேட்க முடியுமா? போனேன்." எத்தனை முறை சொன்னாலும் இதே வார்த்தை, இதே வரிசை. ஒரு சாட்சி இரண்டு தடவை அட்சரம் பிசகாமல் ஒரே மாதிரி சொன்னால் அது மனப்பாடம் என்று கோர்ட்டில் வாதாடுகிறவர் அவர்தான். அந்த நியாயத்தை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை.

இன்னொன்றும் உண்டு. டீ குடிக்கமாட்டார். கட்சிக்காரர்களுக்கு வாங்கிக் கொடுப்பார், எதிரே உட்கார்ந்து மோர் குடிப்பார். பித்தம் என்பார்.

கோர்ட்டு வாசலில் அன்றைக்கு அப்படித்தான் கங்கையாவுக்கும் அவன் மனைவி மணியம்மாவுக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் கத்த ஆரம்பித்தார்.

"இன்னும் ஒரு கேள்விடா! ஒரே கேள்வி! அவன் வாயாலேயே வந்திருக்கும். யாரைக் கேட்டுக்கினு எழுந்தே?"

"அவுரு பொய் சொல்லமாட்டாருங்க, புள்ளையாரு முன்னால," என்றான் கங்கையா, ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு.

"இங்கே சொன்னானே!"

"இது கோர்ட்டுங்க."

கோவர்த்தனன் தலையில் கை வைத்துக்கொண்டார். மணியம்மாவைப் பார்த்தார். அவளாவது புத்தி சொல்வாள் என்று நினைத்தார். "எங்க ஊட்டுக்காரரும் மேஸ்திரியும் ஒரே சட்டியில துன்னவங்க சாமி," என்றாள் அவள். "கையி போன அன்னிக்கு இவர முதுகுல தூக்கிகினு ரோடு வரைக்கும் ஓடினது அவருதான்."

"தூக்கிக்கொண்டு ஓடினவன்தான் குடித்திருந்தான் என்று சொல்கிறான்! சத்தியமாவது மண்ணாவது. மனுஷன் வயிற்றுக்கு முன்னால் எல்லாச் சத்தியமும் ஒன்றுதான். எனக்குத் தெரியும்." சொன்ன வேகத்தில் மோர்த் தம்ளர் கவிழ்ந்தது. "இப்பவே ஒரு மனு போடுகிறேன். தெரியாமல் சொல்லிவிட்டேன், வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று ரேகை வை."

"தெரிஞ்சிதாங்க சொன்னேன்," என்றான் கங்கையா.

வாபஸ் வாங்க அவன் ஒப்பவில்லை. மூன்று வாரம் கோவர்த்தனன் கெஞ்சியும் மிரட்டியும் பார்த்தார். தள்ளிப்போடவும் வழியில்லை. ஏப்ரல் முதல் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குப் போகிறது. இந்த எல்லைத் தகராறினால்தான் பதிமூன்று வாய்தா வீணாயிற்று. ஒவ்வொரு தடவையும் கமிஷனர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, "ஏமய்யா, ஊரு இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னே தெரியல. நான் உத்தரவு போட்டு அது செல்லாதுன்னா?" என்பார். ஊர் எங்கே போனால் என்ன, போன கை திரும்பியா வரப்போகிறது என்று கோவர்த்தனன் ஒரு முறை கேட்டேவிட்டார். அதற்கும் ஒரு வாய்தா கிடைத்தது. மார்ச் முப்பத்தொன்றுக்குள் முடியாவிட்டால் காகிதக் கட்டு எல்லை தாண்டிப் போய்விடும். அங்கே புது ஆபீஸ், புது அதிகாரி, முதலிலிருந்து வாய்தா. அதுவரை கங்கையா இடது கையால் என்ன வேலை செய்து பிழைப்பான்? அவன் சத்தியத்தில் தோற்றாலும் பட்டினி, தள்ளிப்போனாலும் பட்டினி.

மார்ச் பதினாறாம் தேதி காலை எல்லாரும் காணிப்பாக்கத்தில் கூடினார்கள். ரங்கையா காரில் வந்தார். அவர் வக்கீலும் சண்முகமும் அதே காரில். பெஞ்சு குமாஸ்தா ஒரு பலகையும் மைக்கூடுமாகச் சந்நிதிக்குள் போய் இடம் பிடித்தார். கங்கையாவும் மணியம்மாவும் விடிவதற்கு முன்னாலேயே வந்து, குளத்துப் படியில் பொட்டலத்தைப் பிரித்துப் புளிச்சோறு தின்றுகொண்டிருந்தார்கள். ஏதோ கல்யாணத்துக்கு வந்த மாதிரி.

கோவர்த்தனன் மட்டும் கோயிலுக்கு எதிரே ரோட்டோரமாக நின்றுகொண்டார். சித்தூரிலிருந்து ஏழு மைல்தான். ஆறு வருஷமாக வாரத்துக்கு ஒரு தடவை இந்த வழியாகப் போய்வருகிறவர். ஒரு நாளும் உள்ளே போனதில்லை. தாட்சாயணி கூப்பிட்டபோதெல்லாம் கும்பல் என்று தட்டிக் கழித்துவிட்டார்.

இங்கே சத்தியம் செய்வதற்கு ஒரு முறை உண்டு. குளத்தில் முழுகி, ஈர வேட்டியோடு அப்படியே போய்ப் பிள்ளையார் முன்னால் நின்று சொல்லவேண்டும். பொய் சொன்னவன் உருப்பட்டதில்லை என்பது ஊர்ப்பேச்சு. கொடுக்கல் வாங்கல், வரப்புத் தகராறு, திருட்டு எல்லாம் போலீசுக்குப் போகாமல் இந்தக் குளத்திலேயே தீர்ந்துவிடும். தமிழனானாலும் தெலுங்கனானாலும் இந்த ஒரு கோர்ட்டுக்கு எல்லைத் தகராறு கிடையாது.

சண்முகம் குளத்தில் இறங்கினான். ஒரு முழுக்குப் போட்டான். இரண்டாவது போட்டான். மூன்றாவது போட்டான். இனி ஏறி வருவான் என்று எல்லாரும் பார்த்தார்கள். நான்காவது போட்டான்.

அரைமணி ஆயிற்று. முழுகுவான், எழுவான், சூரியனைப் பார்ப்பான், மறுபடி முழுகுவான். "ரேய் சண்முகம், ராரா!" என்று ரங்கையா கரையிலிருந்து கூவினார். "இதோ வரேங்க மொதலாளி, இன்னும் ஒரு முழுக்கு." ஒரு மணி ஆயிற்று. குமாஸ்தா மைக்கூட்டை மூடிக்கொண்டு வெளியே வந்தார். "வக்கீல் சார், உச்சிக்காலத்துக்குத் திரை போட்டுவிடுவார்கள். எனக்குப் பஸ் வேறு இருக்கிறது. இன்றைக்கு நடக்கவில்லை என்று எழுதிவிடட்டுமா? ஏப்ரலில் பார்த்துக்கொள்ளலாம்."

ஏப்ரல்! கோவர்த்தனனுக்கு அதோடு பொறுமை போயிற்று. செருப்பைக் கழற்றி எறிந்தார். கோட்டைக் கழற்றி மணியம்மா கையில் கொடுத்தார். விடுவிடுவென்று படியிறங்கி, இடுப்பளவு தண்ணீரில் சண்முகத்தின் எதிரே போய் நின்றார்.

"எவ்வளவு நேரம்டா முழுகுவே? நீ மனுஷனா, எருமையா?"

சண்முகத்துக்குப் பல் கிட்டியது. உதடு நீலம் பாரித்திருந்தது. "ஏறினா சொல்லணுமே வக்கீலய்யா," என்றான். "பொய் சொன்னா சாமி கேக்கும். நெசத்தச் சொன்னா மொதலாளி சோத்துல மண்ணப் போடுவாரு. மூணு பொட்டப் புள்ளைங்க எனக்கு. தண்ணியில இருந்தா யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க."

"சத்தியம் செய்யமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போ. மறுத்தான் என்று எழுதிக்கொள்வார்கள். அதற்குமேல் உன்னை யாரும் ஒன்றும் செய்ய முடியாது."

"அதுவும் மொதலாளிக்குத் தெரிஞ்சிடுமே. மறுத்தாலே நெசம் வெளிய வந்த மாதிரிதானே?" சண்முகம் படியைப் பார்த்தான். கங்கையா ஒற்றைக் கண்ணால் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு சோறு மென்றுகொண்டிருந்தான். "பாருங்க, எப்டிப் பாத்துகினு கீறான். நான்தாங்க போகச் சொன்னேன். அரைமணி காக்கணும்னு தெரியும். லாரி நிக்குதுன்னு மொதலாளி கத்தினாரு. பத்து நிமிசம்கூட ஆவல. நான் போடான்னேன், அவன் போனான். என்னைக் காப்பாத்திக்க அவன் மேல பழியப் போட்டேன். உங்களுக்கு இதெல்லாம் புரியாதுங்க. ஊரே சொல்லுது, உங்க வெரலு மேலதிகாரி சொல்லிப் போனதுன்னு. நீங்க யாரு மேலயும் பொய் சொன்னவரு இல்ல."

கோவர்த்தனன் பதில் சொல்ல வாயெடுத்தார். நூறு தடவை சொன்ன வரி நாக்கு நுனியில் இருந்தது. நல்ல மழை, சுபேதார் கூப்பிட்டார், போய்ப் பார் என்றார். ரோட்டில் நின்றிருந்தால் சொல்லியிருப்பார். அவர் நின்றது குளத்தில். வேட்டி நனைந்து தொடையில் ஒட்டியிருந்தது.

"அவர் சொல்லவில்லை," என்றார்.

"யாருங்க?"

"சுபேதார். போகாதே என்றார். அரைமணி ஆகட்டும் என்றார்." தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சமையல் கொட்டகையிலிருந்து டீ வந்திருந்தது. மூன்று நாளாக மழை, மூன்று நாளாகச் சூடாக ஒன்றும் குடிக்கவில்லை. குழியைப் பார்த்துவிட்டால் வேலை முடிந்தது, போய்க் குடிக்கலாம். அரைமணி காத்திருந்தால் ஆறிவிடும் என்று, அவர் அந்தப் பக்கம் திரும்பினபோது போனேன். பிறகு பென்ஷனுக்காக அவர் போகச் சொன்னார் என்று எழுதினேன். அவர் பதவி உயர்வு போயிற்று."

இதை அவர் தாட்சாயணியிடம்கூடச் சொன்னதில்லை. சொந்த அஜாக்கிரதை என்று எழுதியவன் சரியாகத்தான் எழுதியிருந்தான். அதை அழிக்கக் கற்ற வித்தையை வைத்துத்தான் ஊரில் இருக்கிற அத்தனை பேருக்கும் நியாயம் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

சண்முகம் வாயைப் பிளந்துகொண்டு அவரைப் பார்த்தான். வைவான் என்றோ சிரிப்பான் என்றோ அவர் காத்திருந்தார். அவன் முகத்தை ஒரு தரம் வழித்துவிட்டுக்கொண்டு, "ரொம்பக் குளிருதுங்க," என்றான். பிறகு படியேறிப் போனான். ரங்கையா ஏதோ சொல்லக் கிட்ட வந்தார். அவன் நிற்கவில்லை.

பிள்ளையார் முன்னால் அவன் சொன்னதைக் குமாஸ்தா எழுதிக்கொண்டார்: கங்கையா குடித்திருக்கவில்லை. வெடிக்காத குழிக்குப் பத்து நிமிஷத்துக்குள் போகச் சொன்னது நான். சொல்லச் சொல்ல ஈர வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிப் பலகைமேல் இருந்த காகிதம் நனைந்து, இரண்டு வரி கலைந்து, திரும்ப எழுதவேண்டியதாயிற்று. குமாஸ்தா அதற்கும் அலுத்துக்கொண்டார்.

மார்ச் இருபத்தொன்பதாம் தேதி கமிஷனர் உத்தரவு போட்டார். கங்கையாவுக்கு முழு நஷ்டஈடு. எல்லை தாண்ட இரண்டு நாள் மிச்சம் இருந்தது. சண்முகத்தை ரங்கையா சத்தியம் செய்த அன்றே வேலையை விட்டு அனுப்பியிருந்தார். கோவர்த்தனன் தெரிந்தவர்களுக்கெல்லாம் எழுதி, ஏர்பேடு பக்கம் ரோடு வேலையில் அவனைச் சேர்த்துவிட்டார். பழைய கூலி இல்லை, அதில் பாதிதான். சத்தியத்துக்கு அவன் கொடுத்த விலை அது. அதற்கு நஷ்டஈடு கேட்கச் சட்டத்தில் இடமில்லை.

உத்தரவு நகலை வாங்கிக்கொண்ட கங்கையா, "நான்தான் அன்னிக்கே சொன்னேனே," என்றான். கோவர்த்தனனுக்கு அவனை அடிக்கலாம் போல் இருந்தது. டீ வாங்கிக் கொடுத்தார்.

அன்று மாலை தாட்சாயணியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் முழுவதும் கேட்டாள். பிறகு, "எங்கிட்ட சொல்லி இன்னா பண்ண? சொல்லவேண்டிய எடம் குடுபல்லி இல்ல?" என்றாள். சட்டப் புத்தகத்திலிருந்து கார்டை அவளே எடுத்துக் கொடுத்தாள்.

ஏப்ரல் முதல் தேதி, திருத்தணியில் புது ராஜ்யத்துக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தபோது, கோவர்த்தனன் மூன்று பஸ் மாறிக் குடுபல்லி போய்ச் சேர்ந்தார். சுபேதார் கிருஷ்ணப்பா களத்தில் நிலக்கடலை காயப் போட்டுக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. முதுகு மட்டும் வளையவில்லை. வந்தவனைப் பார்த்ததும் முகத்தைப் பார்க்காமல் இடது கையைப் பார்த்தார்.

"குளிருக்கு வலிக்குதா?"

"வலிக்கும் சார்." கோவர்த்தனன் நின்றபடியே சொல்ல ஆரம்பித்தார். "அன்றைக்கு நீங்கள் போகாதே என்றுதான்..."

"எனக்குத் தெரியாதா?" என்று கிருஷ்ணப்பா எரிந்துவிழுந்தார். "சொன்னவனே நான்தானேடா! இதைச் சொல்லவா பதினாறு வருஷம் கழிச்சு வந்தே? நல்ல வக்கீலுடா நீ. தெரிஞ்சவன்கிட்டயே வந்து சொல்றே."

கோவர்த்தனன் தலையைக் குனிந்துகொண்டார்.

"தெரியாதவ உள்ள இருக்கா," என்றார் கிருஷ்ணப்பா, குரல் இறங்கி. "கூட இருந்தவனுக்கெல்லாம் பிரமோஷன் குடுத்தான், உனக்கு ஏன் குடுக்கல, என்ன தப்புப் பண்ணினேன்னு இன்னிக்கும் கேக்கறா. ஊரும் கேட்டுச்சு. நான் என்ன சொன்னாலும் நம்பமாட்டா." வீட்டுப் பக்கம் திரும்பினார். "பொன்னியம்மா! நம்ம கம்பெனிக்காரன் வந்திருக்கான், டீ கொண்டா!"

பொன்னியம்மா தம்ளரில் ஆவி பறக்கப் பறக்கக் கொண்டுவந்தாள். கோவர்த்தனன் பித்தம் என்று சொல்லவில்லை. கை நீட்டினார்.

"இரு," என்றார் சுபேதார். "ஆறட்டும். மொதல்ல அவகிட்ட சொல்லு."

கோவர்த்தனன் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். மழையிலிருந்து ஆரம்பித்தார், வழக்கமான வரிசையில் வரவில்லை. இரண்டு மூன்று இடத்தில் தடுமாறித் திரும்பச் சொல்லவேண்டியிருந்தது. சொல்லி முடித்தபோது பொன்னியம்மா புருஷனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். டீ ஆறி ஏடு படிந்திருந்தது. கோவர்த்தனன் அதை எடுத்து, ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.